சைக்கிளுக்குப் பின்னால் வந்தவை

ஆவுடையான்பட்டியிலிருந்து பெருங்கொன்றைக்குப் போகிற ஒன்பது கிலோமீட்டர் ரோட்டில், ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி வாக்கில், ஓரத்தில் கிடந்த குப்பையெல்லாம் எழுந்து சைக்கிளில் போகிறவர்களின் பின்னால் வர ஆரம்பித்தது. முதலில் பார்த்தவர்கள் காற்றின் வேலை என்றுதான் நினைத்தார்கள். தைலமரக் காட்டின் சருகும் செம்மண் புழுதியும் பறக்கிற மாதம் அது, ஒரு டீக் கப் உருண்டால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் காற்று மேற்கேயிருந்து அடித்தது, டீக் கப்போ மேற்கே பார்த்து உருண்டது; காற்று அடங்கிய பிறகும் உருண்டது; சைக்கிள் நின்றால் நின்றது, சைக்கிள் கிளம்பினால் கிளம்பியது. ஒரு வாரத்துக்குள் அது காற்றில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. வேறென்ன என்று நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

ஞானசௌந்தரிக்கும் நேரமில்லை. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு வருவது அவள் வேலை. அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்த ஆறு ஊர்களில் அவள் கை பட்டுத் தூக்கிப் பார்க்காத முழங்கை குறைவு. வயது நாற்பத்தொன்பது. ஊர் ஊராகப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த வருஷத்தில், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கற்றுக்கொண்டவள், அன்றிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு டீக் கப், நசுங்கிய ஒரு தண்ணீர் பாட்டில், கறிக்கடைக் கறுப்புப் பை ஒன்று, இடது காலுக்கான ரப்பர் செருப்பு ஒன்று, இவ்வளவும் ரோட்டின் இடது ஓரமாக, ஒன்றை ஒன்று முந்தாமல் வந்துகொண்டிருந்தன. அவள் காலை ஊன்றினாள். அவையும் நின்றன. சாப்பிட்ட கையோடு மாத்திரை போட வேண்டிய ஒரு கிழவர் முதல் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஞாபகம் வந்து, அவள் மறுபடி மிதித்தாள். அவள் உள்ளே போய் வேலை முடித்து வரும் வரை அவை வாசலுக்கு வெளியே, வேலி நிழலில், யாருக்கும் இடைஞ்சலில்லாமல் கிடந்தன.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் எதுவும் வரவில்லை. சில இளவட்டங்கள் சைக்கிள் வேகத்தில் உறுமிக்கொண்டே உருட்டிப் பார்த்தார்கள், ஒரு பாக்கெட் கூட அசையவில்லை. நடந்து போகிறவர்களுக்குப் பின்னாலும் வரவில்லை. காருக்கு வருமா என்று யாரும் கேட்கவே இல்லை. சைக்கிளில் போகிறவர்களிலும் ஆளுக்கு ஆள் கூட்டம் வேறாக இருந்தது. பால் ஊற்றுகிற நாகூர்கனி பாய்க்குப் பின்னால் டீக் கப்புகளும் கல்யாண வீட்டுக் கட்டைப்பைகளும் வந்தன. பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் ஆரஞ்சு, பச்சை, ஊதா நிறத்தில் மசாலாப் பாக்கெட்டுகள் வரிசையாக வந்து, மணியடித்ததும் புங்கமரத்தடியில் ஒதுங்கிக் கிடந்தன. தலைமையாசிரியர் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் அவற்றுக்கும் ஓர் இடம் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார். ஞாயிறுதோறும் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பெருங்கொன்றையிலிருந்து வருகிற பல் டாக்டர் திலகருக்குப் பின்னால், அவர் எவ்வளவு வேகமாக மிதித்தாலும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் கடகடவென்று ஓடிவந்தன.

கண்மாய்க்கரை வளைவில் இருந்த டீக்கடையில்தான் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. பஸ்ஸில் போகிறவனுக்கு ரோடு என்றால் ஜன்னலில் ஓடுகிற மரம், காரில் போகிறவனுக்கு ரோடு என்றால் முன்னால் போகிற லாரி, சைக்கிளில் போகிறவனுக்கோ முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற இரண்டு முழம்தான் ரோடு, அந்த இரண்டு முழத்தில்தான் ஊரெல்லாம் தின்றதும் குடித்ததும் கிடக்கிறது என்றார் நாகூர்கனி பாய். முப்பது வருஷமாக நாம் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விலகிப் போயிருக்கிறோம், பார்த்தவர்கள் பின்னால்தானே வரும் என்பது அவர் கட்சி. திலகருக்கு இதில் சம்மதமில்லை. எறிகிறவன் வண்டி நம்பரைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், வளைவுக்கு வளைவு கேமரா வைக்க வேண்டும், கண்ணாடிச் சில்லு குத்தி இந்த வருஷத்தில் மட்டும் நான்கு டியூப் மாற்றியாயிற்று என்று அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னார். பெண் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும், அதுகளுக்கு வீட்டுக்குப் போக வழி தெரியாது, அதனால்தான் நம்மோடு வருகிறதுகள் என்று சொல்லிவிட்டு, தன் கூட்டத்தில் கிழிந்து பின்தங்கிய பாக்கெட் ஒன்றுக்காக மெதுவாக மிதித்துப் போனாள்.

ஞானசௌந்தரி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. டீயைக் குடித்து, கப்பைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வளைவைத் தாண்டினால் கண்மாயின் மடை. அந்த இடம் வந்ததும் அவள் முகத்தை எதிர்ப்பக்கம், தைலமரக் காட்டின் பக்கம், திருப்பிக்கொள்வாள்; இரண்டு வருஷமாக அது கழுத்துக்குப் பழகிவிட்டது. அவள் புருஷன் சூசைமாணிக்கம் மரக்கன்றுப் பண்ணையில் வேலை செய்தவன். ஒரு வைகாசி மாதம், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வேலை முடிந்து வரும்போது முன்சக்கரம் ஒரு பாட்டில் மேல் ஏறிச் சறுக்கி, தலை மடைக் கல்லில் போய் மோதியது. பால் கேனோடு வந்த நாகூர்கனி பாய்தான் பார்த்து, மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆள் கூப்பிட்டார். தானாக விழுந்தது என்று போலீஸில் எழுதினார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் ஞானசௌந்தரி தனியாக அங்கே போனாள். பாட்டில் கிடந்தது, பழுப்பு நிறப் பீர் பாட்டில். ஒரு கீறல் கூட இல்லாமல் முழுசாக இருந்தது. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓங்கி ஓர் உதை விட்டாள். அது கரையிலிருந்து உருண்டு கீழே கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தது.

குப்பை பின்னால் வர ஆரம்பித்த ஒன்பதாம் நாள், மடையைத் தாண்டி நூறு அடி போயிருப்பாள், பின்னால் புதிதாக ஒரு சத்தம் கேட்டது, கல்லின் மேல் கண்ணாடி உரசுகிற சத்தம். திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது. வேகமாக மிதித்தாள். அதுவும் வேகமாக வந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். அது பொறுமையாக நின்று, அவள் மறுபடி ஏறும் வரை காத்திருந்தது. கப்பும் பையும் செருப்பும் ஒரு கூட்டமாக வர, அது மட்டும் பத்தடி பின்னால், தனியாக, வாயில் அடைந்திருந்த களிமண்ணோடு உருண்டு வந்தது. வீட்டு வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அது கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டிக் கிடந்தது. மழைக்கு ஒதுங்கிய ஆள் மாதிரி இருந்தது.

இதற்கிடையில் ஊர் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் எங்கே போனாலும் குப்பையும் வருகிறதே, அப்படியே பெருங்கொன்றையில் குப்பை தரம் பிரிக்கிற கொட்டகை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டால் என்ன என்று பஞ்சாயத்துத் தலைவர் கேட்டார். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார், சைக்கிள்காரர்களும் மறுக்கவில்லை. ஒருநாள் காலையில் பதினேழு சைக்கிள்கள் வரிசையாகப் போக, பின்னால் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் குப்பை ஊர்ந்து போயிற்று, பஸ் டிரைவர் கூட ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி நின்றார். கொட்டகையில் வேலை பார்க்கிற பெண்கள் இன்னின்னது இங்கே என்று கை காட்ட, ஒவ்வொன்றும் அந்தந்தக் குவியலில் போய்ப் படுத்துக்கொண்டது; ஞானசௌந்தரியின் பழுப்புப் பாட்டில் மட்டும் எந்தக் குவியலுக்கும் போகாமல் அவள் பின்னாலேயே திரும்பி வந்தது. ரோட்டோரத்தில் நெருஞ்சிப் பூ தெரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. சைக்கிள்காரர் பின்னால் போய்விடும் என்று தைரியம் வந்துவிட்டதால் முன்னை விட அதிகமாகப் போட ஆரம்பித்தார்கள். காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, மூட்டை மூட்டையாக இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் ஞானசௌந்தரிக்குப் பின்னால் வருகிற கூட்டம் மூன்று மடங்கானது. அவன் போடுவான், நாம் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா, நாம் என்ன ஆடா மேய்க்கிறோம் என்று திலகர் டீக்கடையில் கொதித்தார். நாகூர்கனி பாயோ, கொட்டகைக்குப் போக வேண்டாம், தெருவுக்குள் போவோம் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சைக்கிள்கள் ஊருக்குள் திரும்பின. யாரும் கோஷம் போடவில்லை, மணி கூட அடிக்கவில்லை. ஒவ்வொரு தெருவாக, மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் போனார்கள். கட்டைப்பைகளில் மணமக்கள் பெயரும் முகூர்த்த நாளும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தன. தன் பெயரும் புருஷன் பெயரும் புழுதியில் இழுபட்டுக்கொண்டு நாகூர்கனி பாய்க்குப் பின்னால் போவதைப் பார்த்த புதுப்பெண் ஒருத்தி, ஓடி வந்து அந்தப் பையை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மருந்துச் சீட்டு, பேக்கரிப் பெட்டி, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு அடித்த பேனர்த் துண்டு, எல்லாம் போயின. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வீட்டிலிருந்து சாக்கு ஒன்று வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து துடைப்பம் வந்தது. தங்களுடையது எது என்று தெரிந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், தெரியாதவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். மாலைக்குள் பெரும்பாலான சைக்கிள்களுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி தன் கூட்டம் போய்விட்டதே என்று அழுததாகவும் சொல்கிறார்கள்.

ஞானசௌந்தரியின் பழுப்புப் பாட்டிலை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதில் பெயர் இல்லை.

ஆவணி பிறந்து முதல் திங்கட்கிழமை அவள் ஒத்தப்பனையடிக்குப் போனாள். மடையைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் இருக்கிற சின்ன ஊர். அங்கே வைரவன் என்ற அறுபது வயதுக்காரர் வீடு அவள் நோட்டில் கடைசி வீடு. முன்பு சொந்தமாக டெம்போ வேன் வைத்து ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டியை விற்றுவிட்டார், ஏன் என்று கேட்டால் கண் சரியில்லை என்பார். அவரிடம் ஞானசௌந்தரிக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் அவருக்குப் பிரஷர் நூற்று முப்பது, அவள் வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்று எண்பது. மிஷின் கோளாறு என்று இரண்டு தரம் மிஷினை மாற்றினாள். புது மிஷினும் நூற்று எண்பதுதான் காட்டியது.

அன்றைக்கு அவள் பட்டையைச் சுற்றும்போதே அவர் கையை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பார்வை வாசலில் இருந்தது. கேட்டுக்கு வெளியே, அவருடைய துளசிச் செடித் தொட்டிக்குப் பக்கத்தில், பாட்டில் வந்து நின்றிருந்தது.

அது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார். மடைகிட்டேயிருந்து என்றாள் அவள். எத்தனை நாளாக என்று கேட்டார். கையை ஆட்டாதீர்கள், கணக்குத் தப்பும் என்றாள். அவர் கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டு, பட்டையில் காற்று ஏறுகிற சத்தத்துக்கு நடுவே, வாசலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நர்சம்மா, அது நான் போட்டதுன்னு நெனைக்கிறேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஒரு புதுமனை புகுவிழாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு வெறும் வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். யாரோ ஆசைக்குக் கொடுத்த ஒரே ஒரு பீர். மடை வளைவில் போலீஸ் நிற்பதுண்டு என்று ஞாபகம் வந்து, ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்து எறிந்தார். கண்மாய்க்குள் விழுந்திருக்கும் என்று நினைத்தார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது பொண்டாட்டி செல்லம்மை வந்து, மடைகிட்டே சைக்கிள் சறுக்கி ஒருத்தர் போய்விட்டாராம், நர்சம்மா வீட்டுக்காரராம் என்று சொன்னாள். அன்றைக்குக் கை கழுவிவிட்டு எழுந்தவர், மறு வாரம் வண்டியை விற்றார்.

"நான் போட்டதுதானான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னும் தெரியாது. மாசா மாசம் நீங்க வந்து என் கையப் புடிக்கிறீங்க. அன்னைக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வராது."

ஞானசௌந்தரி பட்டையை அவிழ்த்தாள். சுருட்டிப் பைக்குள் வைத்தாள். என்ன காட்டியது என்று பார்க்கவில்லை, நோட்டில் எழுதவில்லை. உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்த செல்லம்மை, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்க, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாட்டில் பத்தடி பின்னால் உருண்டு வந்தது. பாதி வழியில்தான் அவருக்கு மாத்திரை கொடுக்காமல் வந்தது தெரிந்தது. திரும்பவில்லை.

வீட்டில் சூசைமாணிக்கத்தின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அவள் தினமும் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு போனாய், ரோட்டைப் பார்த்து ஓட்டத் தெரியாதா, முப்பது வருஷம் மிதித்தவனுக்கு ஒரு பாட்டில் தெரியவில்லையா என்று, சோறு வடிக்கும்போதும், துணி காயப்போடும்போதும் வாயோயாமல் திட்டினாள். திட்டத் திட்ட அவன் பக்கத்திலேயே இருந்தான். இப்போது திட்ட வேண்டிய ஆள் வேறு என்று ஆகிவிட்டது. அந்த ஆளை நினைத்துப் பார்த்தால் சதையெல்லாம் வற்றி, பட்டையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டிய ஒரு கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தக் கையை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. படத்திலிருந்தவன் சும்மா சிரித்துக்கொண்டிருந்தான், அவனிடம் சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அன்றைக்குத்தான் வீடு உண்மையிலேயே காலியானது மாதிரி இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கிற மகள் ஜெனிட்டா போன் செய்தபோது, தலைவலி என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்ற வந்த நாகூர்கனி பாயிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்ல அவளால் முடியவில்லை. அவர் மடியில் தலை வைத்துத்தான் சூசைமாணிக்கம் கண்ணை மூடியிருந்தான். பாய் கேனைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவர் கோபப்படுவார், அந்தக் கோபத்தில் தானும் சேர்ந்துகொள்ளலாம் என்று அவள் உள்ளுக்குள் காத்திருந்தாள். அவரோ கேட்டுக்கு வெளியே கிடந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அன்னைக்கு நாலு மணிக்கு நான் அந்த வழியாத்தான் பாலெடுக்கப் போனேன். பாட்டில் நடு ரோட்டுல கெடந்துச்சு. பாத்தேன். ஹேண்டிலைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டேன்." குனிந்து கேனின் மூடியை அழுத்தினார். "எறங்கி ஓரமா வச்சிருக்கலாம். அரை நிமிஷம் ஆயிருக்கும். ரெண்டு வருசமா ஒங்க மூஞ்சியப் பாத்துப் பாலை ஊத்தறேன், சொல்ல வாய் வரல."

அவள் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு ஞாபகம் வந்ததெல்லாம், முப்பது வருஷத்தில் தன் முன்சக்கரத்துக்கு முன்னால் வந்து, தான் பார்த்து, தான் ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு போன தேங்காய் மட்டைகளும் கண்ணாடித் துண்டுகளும்தான். அதில் எது யாருடைய சக்கரத்துக்கு அடியில் போயிற்றோ. ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் அண்ணே என்று சொல்லி, அவருக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தார்.

அதற்கு அப்புறம் ஒரு வாரம் அவள் ஒத்தப்பனையடிப் பக்கம் போகவில்லை. மாத்திரையை யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்று தினமும் பையில் எடுத்து வைப்பாள், தினமும் அப்படியே திரும்பக் கொண்டுவருவாள்.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது வைரவன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஐந்து கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, காலில் முழங்கால் வரை செம்மண். சுவரோரத்தில் கிடந்த பாட்டிலுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் கேட்டுமாக, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

"மாத்திரை தீந்துபோச்சு" என்றார்.

எத்தனை நாளாகிறது என்று கேட்டாள். ஆறு நாள் என்றார். செல்லம்மை அக்காவை அனுப்பியிருக்கலாமே என்றாள். அவர் குனிந்து காலில் இருந்த செம்மண்ணைத் தட்டினார். யார் மேல் கோபம் இருந்தாலும், மாத்திரை இல்லாமல் ஒருவரை ஆறு நாள் விட்டதும் அந்த வெயிலில் நடக்க வைத்ததும் தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவரை நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மாத்திரை கொடுத்து, அரை மணி நேரம் போகட்டும் என்று அரிசி களைந்து உலையில் போட்டாள். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்தானே என்று கடைசியில் கேட்டார். இவர்தான் என்றாள். பிறகு அவள், தானே எதிர்பாராமல், அவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதனோடு பேசுவான், சைக்கிளில் போகும்போது பாட்டு முழுசாகத் தெரியாமல் முதல் வரியையே ஒன்பது கிலோமீட்டரும் பாடுவான், மீன் முள்ளைப் பிரிக்கத் தெரியாது, நான்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றாள். இரண்டு வருஷத்தில் அவனைத் திட்டாமல் அவனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. வைரவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

சாப்பாடு போட்டாள், சாப்பிட்டார். கிளம்புகிறேன் என்று எழுந்தார்.

உச்சி வெயில். பஸ் மூன்று மணிக்கு மேல்தான். ஆறு நாள் மாத்திரை விட்ட உடம்பு, ஐந்து கிலோமீட்டர் நடந்தால் வழியில் விழுந்து கிடக்கும், விழுந்து கிடப்பதை எத்தனை மணிக்கு யார் பார்ப்பார்களோ. ஞானசௌந்தரி கொல்லைப்புறம் போய், தார்ப்பாயை விலக்கி, சூசைமாணிக்கத்தின் சைக்கிளை வெளியே எடுத்தாள். அன்றைக்கு வளைந்த ஹேண்டில்பாரை யாரோ நிமிர்த்திக் கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் யாரும் ஏறவில்லை. இரண்டு டயரும் சப்பையாக இருந்தன. பம்பைக் காலால் மிதித்துக்கொண்டு காற்றடித்தாள். வைரவன் பதறிப்போய், வேண்டாம், அதில் நான் ஏறக் கூடாது என்றார்.

"ஏறுங்க அண்ணே. மெதுவா மிதிச்சா ஒண்ணும் ஆகாது. நானும் கூட வர்றேன்."

முப்பது வருஷமாக ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை அது. முதல் இரண்டு தரம் காலை ஊன்றினார். மூன்றாம் தரம் வண்டி நகர்ந்தது. அவள் தன் சைக்கிளில் அவருக்கு வலப்பக்கமாக, ரோட்டுப் பக்கமாக, வந்தாள். பின்னால் பாட்டில் உருண்டு வரும் சத்தம் கேட்டது. அது யாருக்குப் பின்னால் வருகிறது என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மடை வந்ததும் அவளே நிறுத்தினாள். இறங்கினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கழுத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். சாதாரணக் கல்தான், மேலே ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது, கண்மாயில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. வைரவன் கைகளைக் கூப்பிக்கொண்டு கல்லைப் பார்த்து நின்றார், உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை, அது அவனுக்குச் சொன்னது.

பிறகு அவர் குனிந்து பாட்டிலை எடுக்கப் போனார். இருங்கள் என்று சொல்லிவிட்டு அவளே எடுத்தாள். வெயிலில் அது சூடாக இருந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. முந்தானையால் அதன் வாயில் இருந்த களிமண்ணைத் துடைத்து, பிரஷர் மிஷின் இருந்த பைக்குள், அடிபடாதபடி துண்டில் சுற்றி வைத்தாள். கொட்டகைக்குப் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம். இருவரும் ஏறினார்கள்.

கரை முடிந்து ரோடு சரிவாக இறங்குகிற இடத்தில், வைரவன் வாழ்நாளில் முதல் முறையாக, தன் முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற இரண்டு முழத்தைப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு டீக் கப் கிடந்தது, பார்த்தார். ஒரு குழந்தையின் பால் பாட்டில் மூடி கிடந்தது, பார்த்தார். நெருஞ்சிக்கு நடுவே அறுந்த செருப்பு ஒன்று கிடந்தது, அதையும் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் அவருக்குப் பின்னால் மெல்லச் சலசலப்புக் கேட்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்ப, ஹேண்டில்பார் ஆடியது. ஞானசௌந்தரி ஒரு கையை நீட்டி அவர் ஹேண்டிலைப் பிடித்து நேராக்கினாள்.

"வந்தா வரட்டும் அண்ணே" என்றாள். "நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க."